வீசிங் மிஷினும் கண்ணாடித் துகளும்

ஆய்வகத்தில் எல்லாரும் அவளைத் தூசி என்றுதான் கூப்பிடுவார்கள். தூசியைவிடச் சின்னக் கண்ணாடி உருண்டை ஒன்றைக் காற்றில்லாத பெட்டிக்குள், வெறும் லேசர் ஒளியில், அந்தரத்தில் நிறுத்துவது அவள் வேலை. அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்குமா, இருந்தால் அதன் ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்க்க வேண்டும். ஏழு மாதமாக ஒன்றுகூட நிலைத்தபாடில்லை. நாளைக் காலையில் லேசர் வேறு குழுவுக்குப் போகிறது. இன்று பார்த்து, துகள்களைப் புகையாகத் தூவும் நெபுலைசர் மண்டையைப் போட்டது.

ஆஸ்துமாவுக்காகக் கணவரிடமும் ஒரு நெபுலைசர் இருந்தது. அவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு மூச்சு எப்படி இருக்கு?"

"மிஷின் வேணும்னு நேராக் கேளேன்," என்றார் தையற்காரரான கணவர். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா?

தன் ஆஸ்துமா மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ஆய்வு நடக்கும்போது அதிர்வு கூடாதென்று லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். நாலு மாடியும் ஏறினார், பாவம்.

முதல் தூவலிலேயே ஒரு புள்ளி மின்னியது. தூசிக்குத் தலைகால் புரியவில்லை. தலைமை மேடம் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உருண்டையா இருந்தா இப்படித் தள்ளாடாதும்மா. இது உங்க வீட்டுக்காரர் மருந்துல இருந்த உப்பு."

தையற்காரர்தான் முதலில் சிரித்தார். தூசி கிண்ணத்தை நன்றாகக் கழுவி மறுபடி தூவினாள். ஐந்து மணிக்கு அசல் கண்ணாடி ஒன்று ஒளியில் வந்து உட்கார்ந்தது. இனிப் பெட்டியிலிருந்து காற்றை மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும். இதுவரை அத்தனையும் இந்தக் கட்டத்தில்தான் கைநழுவின. வால்வைப் பிடித்தபடி நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் விசில் மாதிரி ஒரு இழுப்பு கேட்டது. கணவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மிஷினுக்குள் கண்ணாடித் துகள். அதை அவர் மூக்கில் வைக்க முடியாது.

"நீ... வேலையப் பாரு... எனக்கொண்ணும்... இல்ல."

பாழாய்ப்போன துகள்! ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கை வால்வை விடவில்லை. பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

"மேடம், இதைப் பிடிங்க. லிஃப்டைப் போடச் சொல்லுங்க."

"லிஃப்ட் ஓடினா அது விழுந்துடும்மா."

"விழட்டும்."

தெருமுனை க்ளினிக்கில் மாஸ்க் வைத்த கால்மணி நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. அவள் மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுப்பதாக இல்லை. அவரே எடுத்துக் கேட்டார், மாஸ்க்கை விலக்கினார்.

"நிக்குதாம். லிஃப்ட் ஓடியும் நிக்குதாம்."

"அது நிக்கட்டும்," என்றாள், அவர் முதுகைத் தடவியபடியே. "நீங்க மாஸ்க்கைப் போடுங்க."