மஞ்சள் நீரில் கழுவிய அச்சு

தீவக மீன்பிடி உபகரண உற்பத்திச் சங்கத்துக்குத் தலைவராக வந்த தியாகலிங்கம் மீன் சாப்பிடாதவர். அதுதான் அவருடைய தகுதி என்று நியமித்தவர்கள் சொன்னார்கள். மீன் தின்கிறவனைத் தலைவராகப் போட்டால் மீன்காரன் பக்கம் சாய்ந்துவிடுவானாம். இவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார். பதுளையில் முப்பது வருடம் தபாலதிபராக இருந்து இளைப்பாறி, வேலணையில் தோட்டமும் பனங்காணியுமாக இருந்த மனுசன். கிழமைக்கு இரண்டு தரம் ஊர்காவற்றுறைக் கடற்கரையில் இருந்த சங்கக் கட்டிடத்துக்குச் சைக்கிளில் வருவார். கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். அலுமாரியைத் திறந்து பார்த்துப் பூட்டிவிட்டு, இடாப்பில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்.

அலுமாரிக்குள் தூண்டில் இருந்தது.

எழுபத்துநாலாம் ஆண்டு அது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். மிளகாயும் வெங்காயமும் போட்டவன் கல்வீடு கட்டினான். கடலுக்குப் போகிறவனுக்குத் தூண்டில் இல்லை. சின்ன மீனுக்குக் கம்பியை வளைத்தாவது ஒப்பேற்றலாம். பெரும்பாரைக்கு அது சரிவராது. பட்டறையில் அடித்த தூண்டிலைப் பாரை நேராக்கித் திருப்பித் தந்துவிட்டுப் போகும். அப்படியிருக்க, பெர்மிட்டில் நோர்வேத் தூண்டில் நூறு கொண்ட ஒரே ஒரு பெட்டி சங்கத்துக்கு வந்தது. தொழிலாளருக்குக் கொடுப்பதற்கென்றுதான் வந்தது. கொடுத்தால் முடிந்துவிடும் என்று தலைவர் பூட்டி வைத்தார்.

அதில் முப்பது வேண்டும் என்று பாரைக்குப் போகிற கடற்றொழிலாளி பஸ்ரியாம்பிள்ளை மூன்று தரம் போய்க் கேட்டான். மூன்று தரமும் எழுதித் தரச் சொன்னார்கள்.

வாடைக்காற்று ஓய்ந்து சோளகக்காற்று எழும்புமுன் ஐந்தாறு கிழமை கடல் படுத்துக் கிடக்கும். பெரும்பாரை ஆழத்தால் வருகிற நாட்கள் அவை. அந்த ஐந்தாறு கிழமையில் பிடிக்கிறதை வைத்துத்தான் சோளகம் முழுக்க அவன் வீட்டில் அடுப்பெரியும். அவனிடமிருந்த கடைசித் தூண்டிலும் தை மாதம் கல்லில் கொழுவி, அதோடு கட்டியிருந்த ஈயமீனையும் கொண்டு போய்விட்டது.

ஈயமீன் அவனுடைய கைவேலை. பழைய லொறி பற்றரியை உடைத்து எடுத்த ஈயத்தில் வார்த்த பொய்மீன். ஒவ்வொன்றும் முக்கால் இறாத்தல் நிறை. பாரமில்லாத பொய்மீன் நீரோட்டத்தில் மேலே மிதந்து வரும், சீலாமீன் வந்து நறுக்கிக்கொண்டு போகும். பாரை கீழே நிற்கிற மீன். அதைத் தேடிக் கீழே போகப் பாரம் வேண்டும். அச்சுக்குக் கணவாய் ஓடு. இரண்டு ஓட்டைச் சீமெந்து நிலத்தில் தேய்த்துத் தட்டையாக்கி, பூவரசங்கட்டையில் செதுக்கிய மீனை நடுவில் வைத்து அமத்தினால் உரு அப்படியே விழும். கட்டையை எடுத்துவிட்டு, ஈயம் போக வாயும் வெட்டி, இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி ஊற்ற வேண்டியதுதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஓடு மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். ஊற்றுமுன் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பான். குளிர்ந்தால் திரும்பவும் வெயிலுக்கு. ஈரத்தில் உருகின ஈயம் பட்டால் குண்டு வெடித்த மாதிரித்தான். அவன் தகப்பன் ஒற்றைக் கண்ணோடு செத்தது அப்படித்தான்.

நாலாம் தரம் போனபோது தலைவர் கதிரையில் இருக்கச் சொன்னார். பஸ்ரியாம்பிள்ளை கதிரை நுனியில் இருந்தான்.

"பஸ்ரியாம்பிள்ளை, நீர் ஏதோ ஈயத்திலை மீன் செய்யிறீராம்."

"ஓம் ஐயா."

"உள்நாட்டு உற்பத்தி! கைத்தொழில் கந்தோரிலையிருந்து கனகசபை ஐயாவைக் கூப்பிட்டிருக்கிறன். பங்குனி பத்து, நல்ல நாள். முதல் ஈயத்தை அவர் தன்ரை கையாலை ஊத்துவார். நீர் பன்னிரண்டு அச்சுச் செய்து, ஈயமும் கொண்டு வாரும்."

"தூண்டில் ஐயா?"

"விழா முடிஞ்சு அவர் காரிலை ஏறின கையோடை முப்பதும் உம்மடை கையிலை."

காரியதரிசி தம்பிஐயா அதைக் கூட்ட அறிக்கையில் எழுதவில்லை. தலைவர் கண்ணைக் காட்டினதால் பேனாவை மூடிவிட்டார்.

மாதிரிக்குக் கட்டையில் செதுக்கிய மீனைச் செயற்குழு ஒரு பின்னேரம் முழுக்கக் கைமாற்றிப் பார்த்தது. ஏழு பேரில் கடலில் போனவர் ஒருவருமில்லை.

"கண் எங்கை?" என்றார் தலைவர்.

"கண் தேவையில்லை ஐயா. இழுக்கேக்கை அது புரண்டு புரண்டு நோயாளி மீன் மாதிரிப் போகவேணும். அதைத்தான் பாரை பாக்கும்."

"கண்ணில்லாத மீனை ஆர் நம்புவினம்?"

"நம்ப வேண்டியது பாரையெல்லே."

"செதிளும் போடும். வாலைக் கொஞ்சம் வடிவாய் விரிச்சு விடும். வாற மனுசன் கொழும்பிலை படிச்சவர்."

கண் வைத்து, செதிள் கீறி, வாலையும் மயில்தோகை மாதிரி விரித்தான். இனி அது தண்ணீரில் புரளாது, கல் மாதிரி நேரே போகும். வீட்டில் அதைப் பார்த்த மனைவி மாக்கிறேற்றுக்குச் சிரிப்பு வந்தது.

"இஞ்சாருங்கோ, உதைக் கோயில் அல்த்தாரிலை வைக்கப் போறியளோ, கடலிலை போடப் போறியளோ?"

"தூண்டில் கைக்கு வரட்டும். பிறகு என்ரை மீனை நான் செய்வன்."

இருந்த ஈயம் முழுவதையும் சட்டியோடு சங்கத்தில் கொண்டுபோய் வைத்தான். காய்ந்த அச்சுப் பன்னிரண்டையும் பங்குனி ஒன்பதாம் திகதி பின்னேரம் தலைவரின் மேசையில் அடுக்கினான்.

"ஐயா, ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"ஓமோம்," என்றார் தலைவர் லேஞ்சிக்குள்ளால். "உதென்ன மணம்?"

"கணவாய் ஓடு ஐயா. கொஞ்சம் மணக்கும்தான்."

"நாளைக்கு விழாவிலை வாயைத் திறக்கக்கூடாது, விளங்குதோ? அவர் கேட்டால் நான் சொல்லுவன். நீர் வாய் திறந்தால் தூண்டில் இல்லை."

மறுநாள் கடற்கரையில் பந்தல் போட்டு, வாழை கட்டி, வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். மேளமும் பிடித்திருந்தது. மேசையில் ஒரு வெள்ளித் தட்டில் செவ்வரத்தம்பூ நடுவே பன்னிரண்டு அச்சும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. பக்கத்தில் தூண்டில் பெட்டி, நூறும் தெரியத் திறந்தபடி. கல் அடுப்பில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. கழுவி மடித்த சேட்டும் சாரமுமாகப் பஸ்ரியாம்பிள்ளை அடுப்புக்குப் பின்னால் நின்றான். கனகசபை வெள்ளைக் காற்சட்டையில் வந்து இறங்கினார். தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். மீன் என்ற சொல்லை நாலு தரம் சொன்னார், நாலு தரமும் முகத்தைச் சுளித்தார்.

பேச்சு முடிகிற நேரம் பஸ்ரியாம்பிள்ளை கைப்பழக்கத்தில் ஓர் அச்சை எடுத்துக் கீழுதட்டில் வைத்தான்.

ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

அடுத்ததை எடுத்தான். அதுவும் அப்படியே. வெட்டின வாயில் மஞ்சள் நிறம் ஊறிக் கிடந்தது. தம்பிஐயாவைப் பார்த்தான்.

"தலைவர் ராத்திரி வீட்டை கொண்டு போனவர்," என்றார் தம்பிஐயா மெல்லிய குரலில். "மஞ்சள்தண்ணியிலை விடிய விடிய ஊறப் போட்டவை. மணம் போகவேணுமாம், மீன்தீட்டும் துடக்கும் போகவேணுமாம். விடியத் துவாயாலை துடைச்சுப்போட்டினம்தானே."

திறந்திருந்த பெட்டியைப் பஸ்ரியாம்பிள்ளை ஒருக்கால் பார்த்தான். முப்பது தூண்டில். வாயை மூடிக்கொண்டு நாலு அடி பின்னுக்கு நகர்ந்தால் போதும். கனகசபை அதற்குள் அகப்பையை ஈயத்தில் தோய்த்து எடுத்துவிட்டார். நல்லாய்க் குனிந்துதான் நின்றார், முகம் அச்சுக்கு ஒரு முழம் மேலே.

"ஐயா, ஊத்தாதேங்கோ. அச்சு ஈரம்."

தலைவர் கண்ணாலே அவனைச் சுட்டார். "ஈரமில்லை சேர், குளிர்ச்சி. சந்தனம் வைச்சது."

"ஈயம் வெடிக்கும் ஐயா!"

"காயவைச்சதே உவர்தான் சேர். தன்ரை வேலையிலை உவருக்கே நம்பிக்கையில்லை, பாத்தியளே. இதுதான் எங்கடை ஆக்களிட்டை உள்ள குறை."

கனகசபை சிரித்தார். சிரித்துக்கொண்டே அகப்பையைச் சரித்தார். பஸ்ரியாம்பிள்ளை பாய்ந்து அவரைத் தோளில் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். இரண்டு பேரும் மல்லாந்து விழவும் அச்சு வெடிக்கவும் சரியாக இருந்தது. ஈயம் மழையாய்ப் பொழிந்தது. கனகசபையின் காற்சட்டையில் அரிதட்டு மாதிரி ஓட்டை. பந்தல் வெள்ளையில் நெருப்பு. மேசை புரண்டு தூண்டில் மணலெங்கும் கொட்டுண்டது. வாணவெடி என்று நினைத்த மேளகாரர் கெட்டிமேளம் அடித்தார்கள். நிற்பாட்டச் சொல்ல ஒருவருமில்லை, எல்லாரும் ஓடிவிட்டார்கள்.

கனகசபை காரில் ஏறின கையோடு தலைவர் மணலில் முழந்தாளில் இருந்து தூண்டில் பொறுக்கினார். அவர் குனிந்து வேலை செய்ததை அன்றைக்குத்தான் ஊர் கண்டது. பொறுக்கினதை எண்ணி அலுமாரியில் பூட்டி, மிச்ச அச்சையும் ஈயத்தையும் அறைக்குள் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்.

"விசாரணை முடியுமட்டும் ஒண்டும் தர ஏலாது."

"நீங்கள் சொன்னனீங்களெல்லே ஐயா, முப்பது..."

"வாய் திறந்தால் இல்லையெண்டும் சொன்னனான்."

முழங்கை வரை ஈயம் சுட்ட பொக்களத்தோடு பஸ்ரியாம்பிள்ளை திரும்பினான். வருகிற வழியில் காலில் தடக்குப்பட்டது அச்சிலிருந்து பிதுங்கி விழுந்து இறுகின ஈயக்கட்டி. ஒரு பக்கம் அப்பம், மறுபக்கம் தேய்ந்த செருப்பு. கண்ணில்லை, செதிளில்லை, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முறுக்கு. ஈயத்தை எறிகிற பழக்கம் அவனுக்கு இல்லை. மடியில் கட்டினான்.

அடுத்த கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மாக்கிறேற் வாசித்தாள்.

"ஒண்டு, உத்தியோகத்தர் ஒருவரின் உடம்பில் கை வைத்தது ஏன்? ரண்டு, அச்சு ஈரமாக இருந்ததை முன்கூட்டியே அறிவிக்காதது ஏன்?"

"அறிவிக்காததோ?"

"கேளுங்கோவன். மூண்டு, தூண்டில் தொண்ணூற்றொன்பதே உள்ளது. நூறாவது தூண்டில் எங்கே? சங்கத்தின் சொத்தைப் பதினாலு நாளுக்குள் ஒப்படைக்காவிட்டால் நடவடிக்கை."

"நான் எடுக்கேல்லை."

மாக்கிறேற் எழும்பிப் போய் அன்றைக்குக் கட்டின சாரத்தைக் கழுவ எடுத்தாள். எடுத்தவள் "ஐயோ" என்று விரலை உதறினாள். சாரத்துக் கரையில் கொழுவிக்கொண்டு நோர்வே நாட்டுத் தூண்டில் ஒன்று மினுங்கியது.

"குடுத்துப்போட்டு வாங்கோ. பொலிசு கிலிசு எண்டு வரப்போகுது."

பஸ்ரியாம்பிள்ளை தூண்டிலை வாங்கிக் கூர் பார்த்தான். சோளகத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அன்றைக்கு மடியில் கட்டிக் கொண்டுவந்த ஈயக்கட்டியை எடுத்துத் துளை போட்டு, சைக்கிள் பிறேக் கம்பியால் தூண்டிலைக் கட்டினான்.

"பதினாலு நாள் இருக்கெல்லே. பொறும்."

வெள்ளி விடியப்புறம் மச்சான் கயித்தானோடு வள்ளத்தில் பாய் விரித்தான். கட்டியைக் கண்ட கயித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தார், உதைக் கண்டால் பாரை சிரிச்சே செத்துப்போகும்."

"செத்தாலும் சரி. மிதந்து வரட்டும், அள்ளுவம்."

கட்டி கிடுகிடுவென்று கீழே போனது. பாரத்துக்குக் குறைவில்லை. வள்ளம் இழுக்க, வாலிலிருந்த முறுக்குத் தண்ணீரில் பிடித்துக் கட்டி புரண்டது, தடுமாறியது, சாகப்போகிற மீன் மாதிரி நொண்டியது. செயற்குழு வடிவாக்கின மீன் செத்தாலும் அப்படிப் போகாது. மூன்றாவது சுற்றில் தங்கூசி நூல் விறைத்துக் கையை அறுத்தது. அரை மணித்தியாலம் மாறி மாறிப் பிடித்தார்கள். பாரை வள்ளத்துக்குள் விழுந்தபோது கயித்தான் சிரிப்பை மறந்து அதன் தலையில் கட்டையால் போட்டான்.

பஸ்ரியாம்பிள்ளை மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி வந்து, தலைவர் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த மேசையில் போட்டார்கள். மேசை முனகியது. இடாப்பில் சிவப்பாய் ஊறியது.

"வெள்ளிக்கிழமை!" என்று தலைவர் கத்தினார். "விரதம்! எடு! எடு!"

"கடிதத்துக்கு மறுமொழி கொண்டு வந்தனான் ஐயா. மூண்டாவது கேள்வி. நூறாவது தூண்டில் இதின்ரை தொண்டைக்குள்ளை கிடக்கு. சங்கத்துச் சொத்து. எடுங்கோ."

"நீர் எடுத்துத் தாரும்!"

"நான் கை வைச்சால் கூடாதெண்டு முதலாம் கேள்வியிலை கிடக்கு."

"தம்பிஐயா!"

தம்பிஐயா ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப விசாரணை முடியுமட்டும் இது இதிலையே கிடக்கட்டும்," என்றான் பஸ்ரியாம்பிள்ளை. "அத்தாட்சியெல்லே. வேணுமெண்டால் அரக்கும் வையுங்கோ. பதினாலு நாளிலை வந்து பாக்கிறன்."

மேசையில் வழுக்கின பாரையின் வால் இடாப்பில் அடித்தது. தலைவரின் வேட்டியில் இரத்தம் தெறித்தது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் திறப்பைத் தேடினார். அலுமாரி திறந்தது. எண்ணவும் பொறுமையில்லாமல் ஒரு பிடி அள்ளி வைத்தார். எண்ணினது பஸ்ரியாம்பிள்ளைதான். முப்பத்தைந்து. ஐந்தைத் திருப்பி வைத்தான்.

"நூறாவதும் என்ரை கணக்கிலையே. முப்பத்தொண்டு. எழுதுங்கோ அண்ணை," என்றான் தம்பிஐயாவிடம். இந்தத் தரம் தம்பிஐயா எழுதினார்.

மீனைத் தூக்குகிறபோது அதன் வாய்க்கு வெளியே தொங்கின கட்டியைத் தலைவர் கண்டுவிட்டார். லேஞ்சி மெல்ல இறங்கியது.

"உதென்ன?"

"உங்கடை உற்பத்தி ஐயா. கனகசபை ஐயா ஊத்தினது."

"உண்மையாய்?"

"உங்கடை மஞ்சள்தண்ணி இல்லாட்டி உந்த உரு வராது."

கயித்தான் மீனின் வால் பக்கம் முகத்தை ஒளித்துக்கொண்டான். தலைவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இடாப்பில் இரத்தம் படாத பக்கமாகப் புரட்டினார்.

"தம்பிஐயா, எழுதும். முதலாவது உற்பத்தி பூரண வெற்றி. நாற்பது இறாத்தலுக்கு மேற்பட்ட பாரை. இனிமேல் அச்சு எல்லாம் முதல்நாள் இரவு மஞ்சள் நீரில் ஊறவைக்கப்பட வேண்டும். கனகசபை ஐயாவுக்கும் ஒரு பிரதி."

தம்பிஐயா எழுதி முடித்து, பேனாவும் கையுமாகப் படலை வரை ஓடிவந்தார்.

"பஸ்ரியாம்பிள்ளை, பகிடி விட்டுப்போட்டுப் போகாதை. மனுசன் செய்தாலும் செய்வார். அந்த ஈயத்தை இனி ஆர் ஊத்திறது?"

பஸ்ரியாம்பிள்ளை சேட்டுப் பையில் தூண்டில் பொதியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கையெழுத்து வைச்சவர் ஊத்தட்டும். எட்ட நிண்டு ஊத்தச் சொல்லுங்கோ அண்ணை. இழுக்க நான் வரமாட்டன், கடலிலை நிப்பன்."