மேட்டுப் பள்ளியா, ஆற்றோரப் பள்ளியா

1

இந்தக் கதையை என் நாத்தனாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். மின்கம்பம் ஏறி வேலை பார்ப்பவள், உயரமும் அப்படி. வீட்டில் எல்லாருக்கும் அவள் 'ஏணி'. மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடப் போனவள் கல்வி அலுவலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க அண்ணி. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டிடாதீங்க. வேலை செய்யற இடத்துல சிரிப்பாங்க."

முதல் வரி இப்படி வந்தது: 'ஆற்றோரம், மர நிழலில், அன்பே பாடமாக ஒரு சின்னஞ்சிறு—'

அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் எந்தப் பள்ளி ஜெயிக்கும் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும்.

2

ஏணிக்கு மாற்றலாகிப் போன இடம் வயலும் வெட்டவெளியுமான பகுதி. எட்டும் தூரத்தில் இரண்டே பள்ளிகள், இரண்டும் அரசுப் பள்ளிகள். மாவட்டத் தரப்பட்டியலில் மேட்டுப் பள்ளிக்கு முதலிடம், ஆற்றோரப் பள்ளிக்குக் கடைசி இடம். 'இதுல யோசிக்க என்ன இருக்கு' என்று மகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

மகளுக்குப் பத்து வயது. கணக்கில் புலி. பேச்சு திக்கும்.

தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாகத்தான் பேசினார். "இங்க பாடம் வேகமா ஓடும்மா. பாப்பா திணறிப்போயிடுவா. ஆத்தோரப் பள்ளிக்கூடம் அமைதியான இடம்."

"சேர்த்துக்க மாட்டேன்னு சொல்றீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"அப்ப சேர்த்துக்கறீங்களா?"

அவர் எழுந்து, ஆற்றோரப் பள்ளிக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.

3

ஆற்றோரப் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு வகுப்பு. நடுவில் ஒரு பீரோதான் சுவர். டீச்சர் தொண்டை கட்டிப்போய், பீரோவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே பாடம் எடுத்தார். ஏணியின் மகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டாள். திக்கித் திக்கித்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணிக்குக் கண் கலங்கிவிட்டது. (இந்த இடத்தை அவள் எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை.)

"மேட்டுல சரிப்படாதுன்னு அனுப்பற பிள்ளைங்க எல்லாம் இங்கதான் வர்றாங்க. அவங்க மார்க்கும் எங்க தலையில. அப்புறம் நாங்க கடைசியா வராம என்ன பண்ணுவோம்?" என்றார் டீச்சர்.

சரி, இங்கேயே சேர்த்துவிடலாம் என்று ஏணி வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "கணக்கு வாத்தியார் போனதுலேர்ந்து ஆள் போடலை. ஒளிச்சு வெச்சு என்ன ஆகப்போகுது?"

4

தலைமையாசிரியரை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல அண்ணி. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து, பின்தங்கின பிள்ளைங்களுக்குத் தானே கணக்கு சொல்லித்தர்றாரு. முதலிடம் போயிடுமோன்னு ஒரு பயம். அவ்வளவுதான்."

இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

5

கல்வி அலுவலகத்தில் பெற்றோர் கூட்டம். ஏணி வேலை உடுப்போடு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று அவள் சொன்னதாவது: 'ஒரு கம்பத்தோட பாரத்தை எடுத்து இன்னொண்ணு மேல ஏத்திட்டு, எது சாயுதுன்னு பார்க்கறதா சார் உங்க பட்டியல்?'

பிரமாதமான வசனம். என்னுடையது. "நான் அப்படியெல்லாம் பேசல," என்றாள் ஏணி. "எம்பொண்ணைச் சேர்த்துக்கங்க, அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாரைப் போடுங்க. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். 'அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்'னாரு அதிகாரி. அப்ப அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்னு உக்காந்துட்டேன்."

கூட்டம் முடிந்தது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். அவள் நாற்காலியை மட்டும் அடுக்க முடியவில்லை. போகக் கிளம்பிய ஒரு தகப்பன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பையனையும் மேட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பிறகு இன்னும் சிலர்.

அதிகாரி கைப்பையைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். முகவரி இந்தப் பகுதி என்றால் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வாத்தியார் விஷயத்தில்தான் கையை விரித்தார். அப்போது, கூட்டத்துக்கு வந்திருந்த மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர் எழுந்து, "ஆள் வர்ற வரைக்கும் வாரத்துல ரெண்டு நாள் நானே போய் கணக்கு எடுக்கறேன்," என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னாராம்.

6

ஆக, இரண்டு கதவும் திறந்துவிட்டன. எனக்கோ இரண்டு முடிவு.

ஒன்று: மேட்டுப் பள்ளி. தினமும் கணக்கு. ஆனால் அவளை வேண்டா வெறுப்பாகப் பார்க்கும் ஒரு வகுப்பில் அவள் முதல் ஆளாக—

இரண்டு: ஆற்றோரப் பள்ளி. சிரிக்காத வகுப்பு. ஆனால் வாரத்தில் இரண்டே நாள் கணக்கு, அதுவும் ஒரு மனுஷனின் வாக்கை நம்பி—

எதையும் முடிக்க வரவில்லை. "நீ எதை முடிவு பண்ணே?" என்று ஏணியைக் கேட்டேன்.

"என் வேலை கதவைத் திறக்கற வரைக்கும்தான் அண்ணி. போகப்போறது அவ. அவகிட்டயே கேளுங்க."

7

ஃபோன் கை மாறியது.

"அத்தை, நான் யோ-யோசிச்சுட்டேன். நீங்க ந-நடுவுல பேசாதீங்க. எல்லாரும் நான் சொல்ல வ-வந்ததை அவங்களே சொல்லி முடிச்சுடறாங்க."

"பேசல. சொல்லு."

"நான் போ-போகப்போறது..."

அடுத்த சொல்லின் முதல் எழுத்தே வராமல் நிற்கிறாள். மூச்சு கேட்கிறது. அது என்ன சொல் என்று நானே சொல்லிவிடலாம் போல நாக்கு துருதுருக்கிறது. உங்களுக்கும் ஒரு பதில் தோன்றியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.