ஒன்பதாவது பந்தக்கால்

இருநூற்றுப் பதினோரு மணி நேரப் படம். மூன்று வருஷமாக ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் எடுத்தது. அதில் நாலு நிமிஷத் துண்டு ஒன்றைக் காணோம் என்று, தேனியில் ஒரு மாடி அறையில் ஜெபஷீலா காலையிலிருந்து ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தாள்.

ஆவணப்படத்துக்கு எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் யார், எங்கே, என்ன என்று டேக் எழுதிக் கணினியில் அடுக்குவது அவள் பொறுப்பு. பேரைத் தட்டினால் துண்டு வந்து விழும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். இன்றைக்கென்று பார்த்து விழ மாட்டேன் என்கிறது.

சும்மா ஒரு துண்டா அது? போன வருஷச் சூறைக்காற்றில் சங்கிலியம்மாளின் கொடிப்பந்தல் மொத்தமும் படுத்துவிட்டது. காய்த்த கொடி மண்ணில் கிடக்க, அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுததைக் கேமரா எடுத்தது. மறுநாளே ஜெபஷீலாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் அழுததப் போட்டுக்க. ஆனா பந்தல நிமித்துறதையும் போடணும். இல்லாட்டி காலத்துக்கும் என்னைய அழுமூஞ்சின்னுதான் பேசுவாக."

போடுகிறேன் அக்கா என்று ஜெபஷீலா வாக்குக் கொடுத்தாள். நாலு மாசத்தில் பந்தல் நிமிர்ந்தது, எடுத்ததும் அவளே. இன்று ஒரு மணிக்குப் படத்தை அனுப்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டியிலேயே திரையிடல், முதல் வரிசையில் சங்கிலியம்மாள். இயக்குநர் சுந்தர்ராஜ் அலட்டிக்கொள்ளவே இல்லை. அழுகையோடு முடித்தால் உருக்கமாக இருக்குமே என்று போனில் சொன்னார். உருக்கமாம், உருக்கம்! அந்த அம்மாள் முகத்தில் விழிக்க வேண்டியது அவரா?

'பந்தல்' என்று தட்டினாள். மருந்தடிப்பு, கவாத்து, அறுப்பு என்று எல்லாப் பந்தலும் வந்தது. நிமிர்ந்த பந்தல் மட்டும் வரவில்லை. 'சங்கிலியம்மாள்' என்று தட்டினால் அழுகை அழுகையாக வந்தது. மணி பன்னிரண்டு.

கண்ணை மூடி அந்த நாளை யோசித்தாள். கொடிப்பந்தலின் முதல் கல்தூணுக்கு மஞ்சள் பூசினார்கள். மாவிலை கட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். அந்த வாரம்தானே சங்கிலியம்மாள் மகள் கல்யாணமும்! அந்த வாரத்துக்கு மட்டும் டேக் எழுதியவன் அவள் உதவியாளன் நாகராஜ். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். திராட்சையைத் தட்டில்தான் பார்த்திருக்கிறான். மஞ்சளும் மாவிலையுமாக ஒரு கால் ஊன்றுவதைப் பார்த்தால் அவன் என்ன எழுதுவான்?

ஐயையோ! கல்யாணம் படத்துக்கு வேண்டாம், அது இருக்கிற ஹார்ட் டிஸ்கை அழித்துவிடு என்று காலையில் நாகராஜிடம் சொன்னதே அவள்தான். வேறு பிரதியும் கிடையாது.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். கீழே டீக்கடையில் நாகராஜ் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"நாகராஜு, டிஸ்க அழிச்சிட்டயா?"

"இல்லக்கா. வடையத் தின்னுட்டு அழிக்கலாம்னு இருந்தேன்."

அவன் சோம்பேறித்தனத்தை நூறு தடவையாவது திட்டியிருப்பாள். இன்று அவனுக்கு இன்னும் ரெண்டு வடை வைக்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

டிஸ்கைச் செருகினாள். 'கல்யாணம், பந்தக்கால்' என்று ஒன்பது துண்டுகள் இருந்தன. முதல் எட்டும் வீட்டு வாசல். ஒன்பதாவதைத் திறந்தாள். நாலு பேர் கயிறு பிடிக்க, மஞ்சள் பூசிய கல்தூண் குழியில் இறங்கி நிமிர்ந்தது. குலவைச் சத்தம் அறை முழுக்க எழுந்தது. ஜெபஷீலா மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தாள். சந்தோஷத்தில் கண்ணும் கலங்கியது.

திரையில் சங்கிலியம்மாள் தூணைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்தாள். "ஏத்தா ஷீலா, எடுத்துட்டயா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜெபஷீலாவின் குரலே பதில் சொன்னது. "எடுத்துட்டேன்க்கா."

"தொலச்சுப்புடாதத்தா."

"தொலைக்கலக்கா" என்று ஜெபஷீலா திரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அந்தத் துண்டை இழுத்து, அழுகைக்கு அடுத்ததாக வைத்தாள்.