மூன்று தடவை பொறுக்கிய அரிசி

எஸ்கேலுக்கும் கடவுளுக்கும் பேச்சு நின்று போய் இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை போட்டு நிறுத்திய பேச்சு. அப்படிப்பட்ட மனுஷர், ரங்கூன் ஜெயிலின் அரிசிக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு தடவை சுத்தம் செய்த அரிசியை மறுபடி முறத்தில் கொட்டிப் பொறுக்கினார். அது முடிந்ததும் மூன்றாம் தடவை கொட்டினார். அவர் மேல் அவருக்கே பற்றிக்கொண்டு வந்தது.

எஸ்கேல் யூதர். பாக்தாதிலிருந்து வந்த குடும்பம். நாளை மறுநாள் சாயங்காலம் பஸ்கா தொடங்குகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர்கள் வெளியேறியதைக் கொண்டாடும் எட்டு நாள். அந்த எட்டு நாளும் கோதுமை மாவு நனைந்து புளித்த எதுவும் வாயில் படக்கூடாது. அரிசி சாப்பிடலாம். ஆனால் கோதுமை மணி ஒன்றுகூடக் கலக்காதபடி மூன்று தடவை பொறுக்கியிருக்க வேண்டும். அவர் வீட்டில் பெண்கள் அதைத்தான் ஒரு வாரமாகச் செய்வார்கள். ஜெயிலில் வடநாட்டுக் கைதிகளுக்குக் கோதுமை வருகிற சாக்கில்தான் அடுத்த வாரம் அரிசி வரும். கேட்பானேன்.

முதலாளி மகன் போட்ட கள்ளக் கையெழுத்துக்காக உள்ளே வந்தவர் எஸ்கேல். மர டிப்போவில் குமாஸ்தா, கைக்கு எட்டிய ஆள், அகப்பட்டுக்கொண்டார். முதல் வருஷப் பஸ்காவுக்கு அப்பீல் நிலுவையில் இருந்தது. இருபத்தாறாம் தெரு ஜெபாலயத்திலிருந்து புளிப்பில்லாத அப்பம் தகர டப்பாவில் வந்தது. விடுதலைப் பண்டிகையில்தான் தனக்கும் விடுதலை என்று அவர் அடித்துச் சொன்னார், நாக்கு வறள ஜெபம் பண்ணினார். பண்டிகையின் மூன்றாம் நாள் அப்பீல் தள்ளுபடி ஆனது. மறு வருஷம் டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, எல்லோர் முன்னாலும் ஜெயில் சப்பாத்தியைச் சப்புக்கொட்டித் தின்றார். இடி ஒன்றும் விழவில்லை. கோபிக்கக்கூட ஆள் இல்லையா என்று அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம்.

இந்த வருஷம் டப்பா வரவில்லை. திருப்பி அனுப்பியவருக்கு யார் அனுப்புவார்கள்? போன மாதம் அவரை அரிசிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பண்டிகை நெருங்க நெருங்கக் கை தானாகவே இரண்டாம் தடவை பொறுக்க ஆரம்பித்தது. நம்பிக்கை இல்லாத மனுஷனுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

அதோடு விட்டால் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கூடை என்பது சட்டம். இப்போது அவர் பொறுக்கும் கூடைதான் பண்டிகை நாளில் அவர் முற்றத்துக் கொப்பரைக்குப் போய், கைதிகள் அத்தனை பேருக்கும் ஒரே சோறாகப் பொங்குவதால், தன் பங்கை மட்டும் தனியாகப் பொறுக்க வழியில்லை. கூடை முழுவதையும் மூன்று தடவை பார்த்தால் பொழுது சாயும்போது ஒரு கூடைதான் தேறும். மூன்று நாள் குறைந்தால் ரிப்போர்ட். ரிப்போர்ட் போனால் நன்னடத்தைக்காகக் கழித்த ஒரு மாதம் போச்சு. மே மாத நடுவில் வெளியே போகவேண்டியவர் ஜூன் நடுவில்தான் போவார். மகள் ராகேலுக்கு மே மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கல்கத்தாவில் வேலை. கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே இருவருக்கும் கப்பல். அன்றும் மறுநாளும் ஒரு கூடைதான் தேறியது; இரண்டு நாள் குறைந்தாயிற்று.

மூன்றாம் நாள், பண்டிகை தொடங்கும் நாள், மத்தியானம் வார்டர் ஜெபதாஸ் வந்து நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவன், முப்பது வயசுக்காரன், அடிக்கக் கை ஓங்காத அபூர்வ வார்டர். எஸ்கேல் துறைமுகத்துக் கூலிகளிடம் தமிழ் பழகியவர் என்பதால் இருவருக்கும் தமிழிலேயே பேச்சு.

"என்னவே, இன்னைக்கும் ஒரு கூடைதானா? உமக்கு வெளியே போக ஆசை இல்லையா?"

"பஸ்கா, வார்டர் ஐயா. மூணு தடவை பாக்கணும்."

"தெரியும். உம்ம பக்கத்துல பொறுக்குற மாரிச்சாமி சொன்னான். அதான் இதைக் கொண்டாந்தேன்." ஜெபதாஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். உள்ளே ஆறு சப்பாத்தி. "வேதத்துல புளிப்பில்லாத அப்பம்னுதானே இருக்கு? மாவும் தண்ணியும்தான், வேற ஒண்ணும் சேக்கலை. என் சம்சாரம் மக்தலேனா சுட்டது. தினம் கொண்டாறேன். நீரு சோறே தின்ன வேண்டாம். அரிசியை ஒரு தடவை பாத்து ரெண்டு கூடையையும் முடியும். ரிப்போர்ட்டு நான் இன்னும் எழுதலை."

எஸ்கேல் முறத்தைக் கீழே வைத்தார். இந்த வருஷம் தன் சமூகத்தார்கூட ஒன்றும் அனுப்பாத பண்டிகைக்கு, பிடிபட்டால் வேலை போகும் என்று தெரிந்தும், ஒருத்தன் அப்பம் கொண்டுவந்திருக்கிறான். வாங்கிக்கொண்டால் ராகேலின் கல்யாணம். வாயை மூடிக்கொண்டு தின்றால் போதும். ஆனால் பாழாய்ப்போன வாய் கேட்டுவிட்டது.

"மாவு பிசைஞ்சு எத்தனை நேரம் வச்சிருந்தாங்க?"

"காலையில பிசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடி வச்சா. பத்து மணிக்குச் சுட்டா. அப்பத்தானே மெத்துனு வரும்?"

நனைந்த மாவைக் கால்மணி நேரத்துக்குமேல் சும்மா விட்டாலே புளிப்பில் சேர்த்தி. இது மூன்று மணி நேரம் ஊறிய மாவு. எஸ்கேல் சப்பாத்தியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. போன வருஷம் இதையே வீம்புக்குத் தின்ற வாய்தானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அந்த வருஷம் விட்டெறிய அவரிடம் ஏதோ மிச்சம் இருந்தது. இந்த வருஷம் மிச்சம் இருப்பது இந்த முறம் ஒன்றுதான்.

"உங்க சம்சாரம் நல்லா இருக்கணும், ஐயா. இதை என்னால திங்க முடியாது."

"ஏன்? மாவும் தண்ணியும்தானே?"

"ரொம்ப நேரம் ஊறிட்டு."

ஜெபதாஸின் முகம் கறுத்தது. "உம்ம கடவுளு அவ்வளவு கண்டிப்புக்காரரா?"

"தெரியலை. ரெண்டு வருஷமா அவரோட பேச்சில்லை."

ஜெபதாஸ் இலையை மறுபடி மடித்தான். பொட்டலத்தைப் பக்கத்து முறத்திலிருந்த மாரிச்சாமியின் மடியில் போட்டுவிட்டுப் போனான். கொலைக் கேஸில் வந்த மாரிச்சாமி ஆறையும் மூன்று வாயில் முடித்தான். எஸ்கேல் மிச்சமிருந்த அரிசியை மூன்றாம் தடவையாகக் கொட்டிக் கடைசி மணிவரை பார்த்தார். ஒரு கோதுமைகூட இல்லை. இரண்டாம் தடவையிலும் இருக்கவில்லை. சாயங்காலம் ரிப்போர்ட் போயிற்று.

மதிலுக்கு வெளியே பர்மாக்காரர்களின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பந்தல் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டில் சோறும் உப்பும். "இன்னைக்குச் சோத்துல கல்லே இல்லையே அண்ணே" என்றான் மாரிச்சாமி. எஸ்கேல் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஸ்தோத்திரத்துக்காக வாயைத் திறந்தார், அது வரவில்லை. மே மாதக் கடைசியில் தகப்பன் இல்லாமல் மணமேடையில் நிற்கப்போகும் ராகேல்தான் கண்முன் வந்தாள்.

"நான் என் வேலையைச் செஞ்சிட்டேன்" என்றார், தட்டைப் பார்த்தபடியே. "மூணு தடவை பாத்தாச்சு. இனி உன் பாடு."

"யார்கிட்ட அண்ணே பேசறீங்க?" என்று கேட்டான் மாரிச்சாமி.

எஸ்கேல் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.