பெயிண்டின் மேல் மாட்டிய எர்த்

வாசிக்கிற எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மூட்டுவலிக்காரர்கள் தவறாமல் வெந்நீர் ஊற்றிக்கொள்கிறீர்களா? சரி, இப்படி உட்காருங்கள். இது ராஜபாளையத்தில் வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்த்த காதர் பாய் கதை. கேட்டுவிட்டு யாரைத் திட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

1991 ஆடி மாதம். காற்று தூக்கியடிக்கிற ஒரு காலை வேளையில், காசிராஜனுடைய பழைய பிக்கப் வண்டியை நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து காதர் பாய் பட்டறை வாசலில் விட்டார்கள். காசிராஜனுக்குத் தறி செட்டுகள் உண்டு, பேண்டேஜ் துணி வியாபாரம் உண்டு, ஓடுகிற வண்டிகளே ஏழு. அவ்வளவுக்கும் கரண்டு வேலை காதர் பாய்தான். பிக்கப்பை ஓட்டுகிறவன் காளிராஜ். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“பாய், சாவியத் திருப்புனா அடைக்கோழி மாதிரி கொக்கொக்குங்குது. கெளம்ப மாட்டேங்குது” என்றான்.

“ஏலே காளி, இந்த வருசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. ஒன் வண்டிக்கு இனி பேட்டரி வேண்டாம், வேப்பிலைதான் வேணும்.”

“வேப்பிலையும் அடிச்சுப் பாத்தாச்சு, பாய். ஹாரன் அடிச்சா லைட்டு மங்குது. நேத்து கிருஷ்ணன் கோவில் எறக்கத்துல ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்துட்டேன், எஞ்சின் பாட்டுக்கு எரைஞ்சுக்கிட்டே இருக்கு. சாவிய அமத்தித்தான் நிப்பாட்டுனேன். வேர்த்து ஊத்திருச்சு.”

காதர் பாயின் சிரிப்பு அங்கே நின்றுபோனது. பானெட்டைத் தூக்கினார். அவருடைய ஆயுதம் ஒரு சின்ன பல்பும் இரண்டு வயரும்தான். ஒரு வயரை பேட்டரியின் மைனஸில் வைத்தார், மற்றதை எஞ்சின் உடம்பில் வைத்தார். இரண்டும் எர்த், அதாவது கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி. நியாயப்படி பல்பு எரியவே கூடாது. “சாவியத் திருப்பு” என்றார். காளிராஜ் திருப்பியதும் பல்பு எரிந்தது.

எஞ்சினுக்கு எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. அப்படியென்றால் எஞ்சினைக் கிளப்புகிற செல்ப் மோட்டார் இழுக்கிற அத்தனை கரண்டும் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது? எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற இரும்பு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு போகும். கையை நீட்டி ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டார். சுரீரென்று சுட்டது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால், மேலுறை இளகி, உள்ளே ஓடுகிற கம்பி பாதி வழியில் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். எஞ்சினையும் சேசிஸையும் சேர்க்கிற எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். போல்ட்டின் மரை முழுக்கத் துரு. பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் நீலப் பெயிண்ட் நேற்று அடித்ததுபோலப் பளபளவென்று இருந்தது.

அந்த நீலத்தைப் பார்த்தபடி காதர் பாய் அப்படியே கிடந்தார்.

“என்ன பாய், ஒறங்கிட்டீகளா?” என்று காளிராஜ் குனிந்து கேட்டான்.

எப்படி உறக்கம் வரும்? மாட்டியது அவர்தானே. 1989 ஆயுத பூசைக்கு முந்தின நாள். காசிராஜன் வண்டிகளுக்கெல்லாம் வருஷா வருஷம் பூசைக்குப் பெயிண்ட் அடிப்பார். அந்த வருஷம் சேசிஸுக்கும் சேர்த்து அடித்திருந்தார். எர்த் பட்டை மாட்டுகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகுதான் மாட்ட வேண்டும். உப்புத்தாளை எடுத்தவரை காசிராஜன் தடுத்தார். “பாய், நாளைக்குப் பூசை. புதுப் பெயிண்டுல கீறல் போடாதேயும். அபசகுனம்.” காதர் பாயும், “சரி ராஜா, பூசை முடிஞ்சதும் வண்டிய அனுப்புங்க, சொரண்டி மாட்டித் தாரேன்” என்று பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டார். பூசை முடிந்தது, பொரி தின்றார்கள். வண்டி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. மரை வழியாகக் கிடைத்த கொஞ்சம் எர்த்தில் வண்டி நாலைந்து மாதம் ஓடியிருக்கிறது.

அடுத்த மாசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அந்த வண்டி நிற்காமல் போய், தெரு முக்கில் பூ விற்ற அய்யம்மாள் மேல் ஏறியது. அவள் வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. ஓட்டியவர் தேவஇரக்கம், அதே மடவார் வளாகத்துக்காரர். “ஆக்சிலேட்டர் மேல வரல, நான் மிதிக்கவே இல்ல” என்று அவர் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க ஒரு தாள் வேண்டுமென்று காசிராஜன் கேட்டார். காதர் பாய் வண்டியைப் பார்த்தார். கேபிள் தீய்ந்து கிடந்ததையும் பார்த்தார். மோதின வேகத்தில் சைலன்சரில் பட்டுத் தீய்ந்திருக்கும் என்று அதைத் தூக்கிப் பழைய இரும்பில் போட்டுவிட்டுப் புதுக் கேபிள் மாட்டினார். ‘வண்டியில் ஒரு கோளாறும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காதர் பாய் சொன்னால் மறுபேச்சு ஏது? தேவஇரக்கத்தின் லைசென்ஸும் போனது, வேலையும் போனது, ஆயுளில் ஒரு சொட்டு தொடாத மனுஷனுக்குக் குடிகாரன் என்ற பட்டமும் வந்தது.

மத்தியானம் காதர் பாய் காசிராஜன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். காசிராஜன் உள்ளே தெலுங்கில் குரல் கொடுத்து மோர் வரவழைத்தார்.

“சரி, இப்ப சொரண்டி மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு ராஜா. அரைச் சுத்துல கெளம்புது.”

“பொறவென்ன? மோரக் குடியும்.”

“தேவஇரக்கம் மேல தப்பில்ல ராஜா. நம்ம போய்ச் சொல்லணும்.”

“நம்மளா?” காசிராஜன் சிரித்தார். “மாட்டுனது நீரு. கோளாறு இல்லேன்னு எழுதிக் குடுத்ததும் நீரு. இதுல நான் எங்க ஓய் வந்தேன்? தாராளமாப் போய்ச் சொல்லும். பொறவு ஒருத்தனும் ஒம்ம பட்டறைக்கு வண்டி விடமாட்டான், ஏன், நானே விடமாட்டேன். யோசிச்சுக்கிடும்.”

காதர் பாய் மோரைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்தவர், வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

தேவஇரக்கம் அந்தச் சமயம் ஒரு பால்கோவாக் கடை அடுப்படியில் பால் கிண்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அவர் மனைவி அன்னாள் முக்காலியை எடுத்துப் போட்டாள். காதர் பாய் உட்காராமல் நின்றுகொண்டே ஒன்று விடாமல் சொன்னார்.

தேவஇரக்கம் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், நீங்க எழுதிக் குடுத்த பொறவு, நானே என் கால நம்பல. பிரேக்குன்னு நெனச்சு நான்தான் ஆக்சிலேட்டர மிதிச்சிட்டேன் போலன்னு கோயில்ல முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒருநாளா, ரெண்டுநாளா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேன்.”

“தம்பி...”

“சைக்கிள் ஓட்டக்கூடப் பயம் இவியளுக்கு” என்றாள் அன்னாள். “அந்த அய்யம்மாள் இன்னைக்கும் முக்குல ஒக்காந்து பூ கட்டுறா. இவிய தலையக் கண்டா காறித் துப்புவா. இவிய துண்டால தொடச்சுக்கிட்டுப் போயிருவாக. அதுதான் தண்டனையாம்.”

“எழுதித் தருவீகளா, பாய்?” என்று கேட்டார் தேவஇரக்கம். “கோர்ட்டுக்கு வேண்டாம். அவளுக்கு வாசிச்சுக் காட்டணும். அது போதும்.”

அன்னாள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தாள். காதர் பாய் எழுதினார். எர்த் பட்டை பெயிண்டின் மேல் மாட்டப்பட்டிருந்ததால் கேபிள் சூடாகி ஒட்டி, ஆக்சிலேட்டர் மேலே வராமல் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் மேல் தவறு இல்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டார். தேவஇரக்கம் இரண்டு தரம் வாசித்தார்.

“மாட்டப்பட்டிருந்துச்சுன்னு போட்டிருக்கு. யாரு மாட்டுனதுன்னு கேப்பாளே அய்யம்மாள். நான் என்ன சொல்ல?”

காதர் பாய் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். பட்டறையையும், காசிராஜனின் ஏழு வண்டிகளையும், கல்யாணத்துக்கு நிற்கிற மகள் அசீனாவையும் நினைத்தார். ஒரே ஒரு வரிதான். கை ஓடவில்லை.

“அது... அவசரத்துல யாரோ...” என்று இழுத்தார்.

“யாரோவா?” என்றாள் அன்னாள். “இம்புட்டு நேரம் நாந்தான் மாட்டுனேன்னு வாயால சொன்னீகளே. கைக்கு மட்டும் அது தெரியாதாக்கும்?”

தேவஇரக்கம் தாளை மடித்து, காதர் பாயின் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார். “கொண்டு போயிருங்க பாய். யாரோ மாட்டுனதுன்னா, குடிகாரன் காசு குடுத்து எழுதி வாங்கியாந்தான்னு அதுக்கும் ஒருதரம் துப்புவா. இருக்கது போதும்.”

அங்கிருந்து தெரு முக்குக்கு நாற்பது எட்டு எடுத்து வைத்தால் போதும். அய்யம்மாள் வலது காலை நேராக நீட்டி, பக்கத்தில் கம்பைக் கிடத்தி, பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். காதர் பாயை அவளுக்குத் தெரியாது.

“வாங்க பாய். வெள்ளிக்கெழம, வீட்டு அம்மாளுக்கு ரெண்டு மொழம் வாங்கிட்டுப் போங்க.”

அவர் நின்றார். வாயும் திறந்தது. “ரெண்டு மொழம் குடுங்க” என்றுதான் வந்தது. அய்யம்மாள் முழங்கை வரை அளந்து, ஒரு சாண் கூடவே விட்டு நறுக்கி, வாழை இலையில் பொதிந்து கொடுத்தாள். “மவராசனாப் போய்ட்டு வாங்க” என்றாள்.

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. காதர் பாயைத் திட்டிக்கொண்டே வாசித்திருப்பீர்கள். உங்கள் ஆத்திரம் நியாயம்தான். ஆனால் நீங்களும் எப்போதாவது வாயால் ஒப்புக்கொண்டதைக் கையால் எழுத முடியாமல் திரும்பியிருக்கிறீர்களா? அல்லது நீங்கள் செய்யாத தப்புக்கு யாராவது உங்கள் மேல் துப்பியிருக்கிறார்களா? எதுவானாலும் ஒளிக்காமல் எனக்கு எழுதுங்கள். பேரும் போட்டு எழுதுங்கள்.