எட்டாம் எண் ரத்தம்

கிராம்புத் தைலம் மனித செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மதுரையில். ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டு புட்டிகளில் வளர்ப்பேன். ஒன்றில் தைலம் விடுவேன், மற்றது சும்மா இருக்கும். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களைப் பார்த்து, உடைந்த செல்களை எண்ண வேண்டும்.

ஏழு பேருக்கு மேல் ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்காமல், எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து அண்ணன் சவரியப்பனை வரவழைத்தேன். பீடி உண்டா, குடி உண்டா, எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று படிவம் கேட்டது. எதுவும் இல்லை. எட்டாம் எண் போட்டேன்.

அவன் ரத்தத்தில் தைலம் விட்ட புட்டியில் நூறு செல்லுக்குப் பதினொன்று உடைந்து கிடந்தது. அடடா, தைலம் வேலையைக் காட்டிவிட்டது என்று துள்ளினேன். அப்புறம் சும்மா இருந்த புட்டியைப் பார்த்தேன். அதிலும் பதினொன்று! மற்ற ஏழு பேருக்கு இரண்டைத் தாண்டவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அண்ணன் பத்து வருஷமாகப் பருத்திக் காடுகளில் கூலிக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவன். என்னைப் படிக்க வைத்ததே அந்தக் கூலிதான். அந்த நாற்றத்திலேயே வளர்ந்த எனக்குப் படிவத்தில் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேராசிரியர் என் பேப்பரைப் பார்த்தார். "எட்டாம் நம்பர எடுத்துட்டு வேற ஆளப் போடும்மா. நம்ம சோதனை தைலத்துக்கு."

"அது எங்க அண்ணன் சார்."

"அதான் சொல்றேன். வீட்டு ஆளக் கூட்டியாந்தா இப்படித்தான்."

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

காட்டில் அண்ணன் வெறுங்கையை வாளிக்குள் விட்டு மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். வாளியை எட்டி உதைத்தேன்.

"ஏ பிள்ள, கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"உன் ரத்தமெல்லாம் உடைஞ்சு கெடக்குண்ணே! எல்லாம் இந்த எழவெடுத்த மருந்துதான்!"

அவன் கவிழ்ந்த வாளியைப் பார்த்தான். "தைலம் என்னாச்சு?"

"அதுல ஒரு கெடுதலும் இல்ல."

"பெறகென்ன, நீ பாஸாயிருவேல்ல?" வாளியை நிமிர்த்தி, டப்பாவில் மிச்சமிருந்த மருந்தை ஊற்றி, மறுபடி கையை விட்டான்.

அந்தக் கையை வெளியே இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டேன். "பாஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எவன் சொன்னாலும் உன் நம்பர எடுக்க மாட்டேன்!"

"சரி, கைய விடு பிள்ள" என்றான் அண்ணன். "உன் மேல மருந்து படுது."