பாலும் பேச்சும்

வறுமை ஒழிப்புத் திட்டத்தில் தையல் மெஷின் கிடைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுகூட நிரம்பாத மகள் சிட்டு எப்போதும் இடுப்பில். போகிற வழியெல்லாம் இருவருக்கும் ஓயாத பேச்சு.

"காக்கா எங்கடி போவுது?"

"வேலக்கி."

பாலில் தண்ணீர்தான் அதிகம். பேச்சுக்கு மட்டும் பஞ்சமில்லை.

மெஷின் வந்ததும் வீட்டின் முகமே மாறியது. கூரை ஒழுகல் நின்றது. சிட்டுவுக்குக் கெட்டிப் பால், தினமும் முட்டை. மூட்டை தூக்கும் கணவன் மகளைத் தூக்கிப் பார்த்து, "இவளத் தூக்கறதுக்குத் தனிக் கூலி கேக்கணும் போல" என்று சிரித்தான்.

சட்டைக்குக் காலர் தைக்கும் வேலை. தைத்த காலர் கட்டு இருட்டுவதற்குள் கடைக்குப் போயாக வேண்டும். ஊசியில் கை வைத்துவிடுவாளோ என்று பயந்து, சிட்டுவைப் பழைய துணியால் கட்டில் காலில் கட்டிப்போட்டாள். "ம்மா" என்று கூப்பிட்டால், "இருடி, இத முடிச்சிட்டு வரேன்." அது முடிந்ததே இல்லை. குழந்தை முதலில் அழுதது. அப்புறம் சிணுங்கியது. அப்புறம் அதுவும் இல்லை.

"புள்ளைன்னா இப்படி இருக்கணும். இருக்கற எடமே தெரியல" என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சினாள். இவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

திட்டத்தால் பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பெண் பையோடு வந்தாள். எடை பார்த்தாள், உயரம் பார்த்தாள். "நல்லா வளந்திருக்காக்கா." பிறகு படங்களை எடுத்துப் பரப்பினாள். பந்து எது, பூனை எது? சிட்டு அவள் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

"எதுக்கும் காதை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா."

"காதா? பாம்புக் காது! மெஷின் நின்னாப் போதும், டக்குனு என்னைத் திரும்பிப் பாப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

கணவன் அலட்டிக்கொள்ளவில்லை. "நானும் சின்னதுல பேசாமத்தான் இருந்தேனாம். இப்ப பேசலயா?"

"பேசி என்னத்தக் கிழிச்ச?"

மறுநாள் சிட்டுவின் கட்டை அவிழ்த்தாள். மதியத்துக்கு மேல் மெஷினைத் தொடுவதில்லை. தரையில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசினாள். கடைக்குப் போகும் கட்டு பாதியானது. திட்டத்து அதிகாரி வந்துவிட்டார்.

"உங்கள நம்பித்தானம்மா குடுத்தோம்? இதுக்காக எத்தனையோ பேர் காத்துக் கெடக்கறாங்க."

"புள்ளைய யாருங்கய்யா பாத்துக்குவாங்க?"

"அது எங்க திட்டத்துல வராதும்மா."

மெஷினை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் ஒரு கைக்குழந்தைக்காரி வீட்டில் இறக்கினார்கள். இவள் மனசு கேட்காமல் அங்கே போய், "புள்ளையக் கட்டிப் போட்றாத, பேசிக்கிட்டே தையி" என்றாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழையபடி பாத்திரம். பழைய வீடுகளில் பாதிதான் திரும்பச் சேர்த்துக்கொண்டன. பாலில் மறுபடி தண்ணீர் ஏறியது. சிட்டுவின் கன்னம் ஒட்டியது. பேச்சு மட்டும் போன வழியே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

ஒரு நாள் வேலைக்குப் போகும்போது பைக்காரப் பெண் எதிரே வந்தாள். அடுத்த தெருவுக்குப் போகிறாளாம்.

"இவ இப்ப பேசுறாம்மா! படத்தக் காட்டிப் பாரு!"

அந்தப் பெண் நெளிந்தாள். "உங்க வீடு இப்ப திட்டத்துல இல்லக்கா. பாத்தாலும் எழுதிக்க முடியாது."

"அக்கா, பை குடு" என்று சிட்டு இடுப்பிலிருந்து கை நீட்டினாள். பைக்காரப் பெண் அவள் கன்னத்தை லேசாகத் தட்டிவிட்டு நடந்தாள்.

"எடையாவது பாத்துட்டுப் போயேன்!" என்று இவள் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "அது கொறஞ்சிருக்கு!"

அந்தப் பெண் திரும்பவில்லை.